மட்டக்களப்பில் ஆஸ்பத்திரி வாசலில் வரவேற்பாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் அரச ஆஸ்பத்திரி ஒன்றின் உதவி மேசையில் மூன்று வருடம் தொண்டராகவும், பிறகு தனியார் வைத்தியசாலை ஒன்றின் வாசலில் ஏழு வருடம் சம்பளத்துக்கும் நின்றவள் நான். இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகளும், பிள்ளைகளைவிட அதிகமாக அவர்களுடைய தாய்மாரும், திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன்.

வரவேற்பாளர் என்றால் கவுண்டரில் இருக்கிற பிள்ளைதானே?

இல்லை. கவுண்டரில் இருப்பவர் பெயர் பதிவார், காசு வாங்குவார், இலக்கத் துண்டு கொடுப்பார். அவருக்கு முன்னால் கண்ணாடியும் கணினியும் இருக்கும். கீழே கதிரை இருக்கும். வரவேற்பாளருக்கு இந்த மூன்றும் கிடையாது. கதவுக்கு உட்புறம் நிற்க வேண்டும். உள்ளே வருகிறவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தயங்குகிற அந்த நாலைந்து விநாடிக்குள் அவரைப் பிடித்து, சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அரச வைத்தியசாலைகளில் இந்தப் பெயரில் ஒரு தனிப் பதவியைத் தேடி அலையாதீர்கள். அங்கே இதே வேலையை வாசற் காவலாளி பாதியும் சிற்றூழியர் மீதியுமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். கிளினிக் நாட்களில் சில இடங்களில் தொண்டர்களை நிறுத்துவார்கள். சம்பளத்தோடு வேண்டுமென்றால் தனியார் வைத்தியசாலைகளிலும், வைத்தியரைச் சனல் செய்து (காசு கட்டி முன்கூட்டியே பதிந்து) பார்க்கிற நிலையங்களிலும், பெரிய ஆய்வுகூடங்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

என்ன படித்திருக்க வேண்டும்?

விளம்பரத்தில் க.பொ.த. சாதாரண தரம் அல்லது உயர்தரம் என்று போட்டிருப்பார்கள். கணினி அறிவும் கேட்பார்கள். யாரும் கேட்காத, ஆனால் ஒவ்வொரு நாளும் தேவைப்படுகிற தகைமை தெளிவான கையெழுத்து. ஒரு துண்டுக் கடதாசியில் பெரிய எழுத்தில் 'இரத்தம் எடுக்கும் இடம், 4ஆம் அறை' என்று எழுதிக் கையில் கொடுத்தால், வாயால் ஐந்து முறை சொல்வதைவிட அது தூரம் போகும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கூட அதைக் காட்டி வழி கேட்டுப் போய்விடுவார்.

இன்னொரு சின்ன வித்தை. வயது கேட்டால் 'சூறாவளிக்கு எனக்குக் கலியாண வயது' என்று சொல்லும் ஆச்சிமார் இப்போதும் வருகிறார்கள். அவர்கள் சொல்வது 1978ஆம் ஆண்டுச் சூறாவளி. கணக்குப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்களும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து வருகிற 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுதாகவே இருக்கிறது.

எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டுமா?

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஒருவர் எல்லோரையும் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திப் பல் தெரியச் சிரிக்கப் பழக்கினார். பாசிக்குடா ஹோட்டலுக்கு அது பொருந்தும். அங்கே வருகிறவர் ஆசைப்பட்டு வருகிறார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிற யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்று ஓடி வருகிற தாய்க்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால், அறை வாங்காமல் தப்புவது உங்கள் அதிர்ஷ்டம்.

வருகிறவருடைய முகத்தைவிட அவருடைய கையைப் பார்ப்பது பயன் தரும். வெல்லாவெளிப் பக்கமிருந்தோ கொக்கட்டிச்சோலையிலிருந்தோ முதல் பஸ்ஸில் வருகிறவருடைய கையில் ஒரு சொப்பிங் பை இருக்கும். அதற்குள் கிளினிக் கொப்பி, பழைய நோய் நிர்ணய அட்டை, மருந்து வாங்க ஒரு வெறும் பை, சில வேளை ஒரு பாண் துண்டு. அவர் விடியமுன் எழும்பி வந்திருக்கிறார். அவருடைய பயம் நோயைப் பற்றியது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 'எனக்கு முன்னால் எத்தனை பேர்? துண்டு முடிந்துவிட்டதா? தவறான வரிசையில் நின்று காலை முழுவதையும் பாழாக்கப் போகிறேனா?' இதுதான் அந்த நேரத்துப் பயம். 'துண்டு இன்னும் கொடுக்கிறார்கள் ஐயா, இந்த வரிசைதான், நில்லுங்கள்' என்று ஒரு வசனம் சொன்னால் அவருடைய தோள் இறங்குவதை நீங்களே காண்பீர்கள். சிரிப்பு அதற்குப் பிறகு தானாக வரும், இரண்டு பக்கமும்.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரைக்கும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்கள் பெரும்பாலும் பாதை ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். (வெளியூர் வாசகருக்கு: எங்கள் ஊரில் 'பாதை' என்றால் வாகனங்களையும் ஏற்றிப் போகிற மிதவைப் படகு.) பாதை பிந்தினால் கிளினிக்கும் பிந்தும். படுவான்கரையார் (வாவிக்கு மேற்குப் பக்கத்தவர்கள்) வாசலில் காட்டுகிற அவசரத்துக்கு அப்படியொரு நீண்ட பழக்கம் இருக்கிறது. அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

யாரை எப்படி அழைப்பது? 'சேர்', 'மெடம்' போதாதா?

போதாது. வயலிலிருந்து வருகிற ஒருவரை 'சேர்' என்றால் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். 'ஐயா', 'அம்மா' இரண்டும் பெரும்பாலும் பிழையாகாது. இளம் ஆட்களுக்குத் தம்பி, தங்கச்சி. உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவராகத் தெரிந்தால் அண்ணன், அக்கா. வயதானவர்கள் உங்களை 'மகள்' என்றோ 'புள்ள' என்றோ அழைப்பார்கள், ஆண் பிள்ளை என்றால் 'மனே'. அந்தச் சொல் காதில் விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் சொல்லுங்கள். நீங்கள் தமிழ்ப் பிள்ளையாக இருந்தாலும் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். நான் கோயிலுக்குப் போகிறவள்; பத்து வருடமாகச் சொல்லியிருக்கிறேன். வாப்பா, உம்மா, காக்கா என்று அவர்களுடைய முறைச் சொற்களைப் பயன்படுத்தலாம். ஆனால் காது பழகிய பிறகு பயன்படுத்துங்கள். 'தாத்தா' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் வீடுகளில் அது மூத்த சகோதரி. சிங்களத்தில் அப்பா. இந்தியப் படம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பாட்டன். ஒரு முறை இளம் பெண் ஒருவர் 'தாத்தாவை வாட்டில் விட்டிருக்கிறார்கள்' என்று சொல்ல, எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளை அவரை ஆண்கள் விடுதிக்கு அனுப்பிவிட்டாள். பெயர் கேட்டிருந்தால் அந்த அலைச்சல் இல்லை. முறை தெரிந்துகொண்டு பேசுங்கள். ஆளை எப்போதும் பெயரைக் கேட்டே தேடுங்கள்.

'வணக்கம்' சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு: சொல்லலாம், ஆனால் மேடையில் ஏறியது போலிருக்கும். 'வாங்கம்மா, எந்த இடத்துக்குப் போக வேண்டும்?' என்பது எல்லோருக்கும் பொருந்துகிறது.

போகிறவரிடம் 'போய் வாங்க' என்று சொல்லலாமா?

இந்தச் சங்கடம் நம்முடைய பாஷையில் பிறந்தது. வீட்டை விட்டுப் புறப்படுகிறவரிடம் 'போ' என்று மட்டும் சொல்லக் கூடாது. 'போய் வா' என்று சொல்ல வேண்டும் என்று வளர்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அதே சொல் சாபம் மாதிரி விழும். முதல் கிழமையில் ஒரு பெரியவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நின்று, திரும்பி, 'மறுகாவும் வரச் சொல்கிறாயா மகள்?' என்று கேட்டார். அவருக்குச் சிரிப்பு, எனக்கு வியர்வை. அன்றிலிருந்து 'கவனமாகப் போங்க' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மாதாந்தக் கிளினிக்காரருக்கு மட்டும் 'அடுத்த திகதி கொப்பியில் இருக்கிறதா என்று பாருங்கள்' என்று சேர்ப்பேன்.

வழி சொல்வதில் என்ன கஷ்டம்? பெயர்ப் பலகை இருக்கிறதே?

பலகையில் 'வெளிநோயாளர் பிரிவு' என்று இருக்கும். வருகிறவர் 'ஓபீடி எங்கே?' என்று கேட்பார். பலகையில் 'கதிரியக்கப் பிரிவு', வாயில் 'எக்ஸ்ரே எடுக்கிற இடம்'. பலகையில் 'விடுதி', வாயில் 'வாட்டு'. இரண்டு தமிழையும் இணைக்கிற ஆள் நீங்கள்தான். பலகைத் தமிழை அவர்களுக்குப் படிப்பிக்க நினைக்காதீர்கள்.

'இடப்பக்கம் போய் வலப்பக்கம் திரும்பி' என்று ஒரே மூச்சில் சொன்னால் இரண்டாவது திருப்பத்தில் ஆள் தொலைந்துவிடுவார். கண்ணுக்குத் தெரிகிற முதல் அடையாளம் வரைக்கும் மட்டும் சொல்லுங்கள். 'அந்தத் தண்ணீர்த் தாங்கி வரைக்கும் போங்க, அதிலே கிறுகினால் ஒரு பச்சைக் கதவு.' முடிந்தால் பத்து அடி கூட நடந்து போய்ச் சுட்டிக் காட்டுங்கள். தடி ஊன்றி வருகிறவருக்கு வழி சொல்வது முட்டாள்தனம். சக்கர நாற்காலி கொண்டுவந்து இருத்துங்கள்.

நகரத்துக்குள்ளேயே தவறான ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறவர்களும் உண்டு. கல்முனையில் இது நாளாந்தக் கதை என்று அங்கே வேலை செய்கிற என் சிநேகிதி சொல்வாள். ஒரே ஊரில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கிறது, அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கிறது. ஓட்டோக்காரரிடம் 'கல்முனை ஆஸ்பத்திரி' என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தெரிந்த ஒன்றில் இறக்கிவிடுவார். ஆகவே வருகிறவர் கையிலிருக்கிற கடிதத்தையோ கொப்பியையோ வாங்கி ஆஸ்பத்திரியின் பெயரை முதலில் பாருங்கள். ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்ற பிறகு 'இது இங்கே இல்லை' என்று கேட்பதைப் போல மனம் நொந்துபோகிற விடயம் வேறில்லை.

'டொக்டர் எத்தனை மணிக்கு வருவார்?' என்று கேட்டால்?

தனியார் வைத்தியசாலையில் நீங்கள் கேட்கப்போகிற கேள்விகளில் பாதி இதுதான். விசேட வைத்திய நிபுணர்கள் பெரும்பாலும் அரச கடமை முடிந்து மாலையில்தான் வருவார்கள். வாட்டில் ஒரு நோயாளிக்குத் திடீரென்று கடுமையானால், ஒப்பரேஷன் நீண்டால், நாலரை மணி ஆறரை ஆகும். அதற்கு வைத்தியரையும் குறை சொல்ல முடியாது, நோயாளியையும் குறை சொல்ல முடியாது. நடுவில் நிற்கிற உங்களை எல்லோரும் குறை சொல்வார்கள்.

ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: 'இப்போது வந்துவிடுவார்' என்று சொல்லவே கூடாது. அந்த வசனத்தை நம்பி ஒருவர் சாப்பிடப் போகாமல் இருப்பார். இன்னொருவர் மலசலகூடத்துக்குக்கூடப் போக மாட்டார். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். 'அஞ்சரைக்கு அழைத்தோம், இன்னும் புறப்படவில்லை. ஆறு மணிக்குத் திரும்ப அழைத்துவிட்டு வந்து சொல்கிறேன்.' பிறகு ஆறு மணிக்கு உண்மையாகவே போய்ச் சொல்ல வேண்டும், புதிய செய்தி ஒன்றும் இல்லாவிட்டாலும். மூன்று முறை 'இன்னும் இல்லை' என்று நேரில் வந்து சொன்னவளோடு யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஒளிந்துகொண்டவளோடு எல்லோரும் வருவார்கள்.

அதோடு, அந்தக் கேள்வியை யார் கேட்கிறார் என்று பாருங்கள். டவுனில் இருக்கிறவர் கேட்டால் அது நேரத்தைப் பற்றிய கேள்வி. வவுணதீவுக்கு அப்பாலிருந்து வந்தவர் கேட்டால் அது பஸ்ஸைப் பற்றியது. இருட்டினால் அந்தப் பக்கம் பஸ் குறைவு, மோட்டார் சைக்கிளில் போனாலும் சில இடங்களில் ஆனை ரோட்டுக்கு வரும். நான் நேராகவே கேட்டுவிடுவேன்: 'ஐயாவுக்கு எத்தனை மணிக்குப் பஸ்?' அவருடைய இலக்கம் 23 என்றால், 5ஆம் இலக்கக்காரரான டவுன் ஆளிடம் போய் நிலைமையைச் சொல்லி மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்பேன். கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் மாற்றிக் கொடுத்தார்கள். மற்ற இரண்டு பேருக்கும் அவர்களுடைய காரணம் இருந்திருக்கும். கேட்காமல் நீங்களாக மாற்றினால் மட்டும் வேலை போய்விடும், அதுவும் நியாயமே.

வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் யார்? அவர்களிடம் என்ன கவனிக்க வேண்டும்?

இரத்தத்தில் சீனி பார்க்க இரத்தம் கொடுப்பதற்காக இரவு முழுவதும் சாப்பிடாமல் வருகிறவர்கள் அவர்கள். குறைந்தது எட்டு மணித்தியாலம் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். நம்முடைய ஊர்ப் பழக்கத்தில் 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்டு, பாவம் பார்த்துத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பரிசோதனை வீணாகிவிடும். அதே வேளை, நீரிழிவுக்காரர் வரிசையில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் ஆய்வுகூடத்தை மறந்துவிட்டு உடனே தாதியைக் கூப்பிடுங்கள். சீனி இறங்கியிருக்கலாம். இரத்தம் கொடுத்து முடிந்தவரிடம் 'இனிச் சாப்பிடலாம்' என்று சொல்ல யாரும் நினைப்பதில்லை. நீங்கள் சொல்லுங்கள். நோன்பு மாதத்தில் அதையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வரிசையில் நிற்கவிடக் கூடாதவர்கள் யார்?

நோயைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. ஆனால் வாசலில் நிற்கிறவள் பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்வையோடு வருகிறவர். மூச்செடுக்க முடியாமல் வசனத்தை முடிக்காதவர். வயிற்றுப் பிள்ளையோடு இரத்தப்போக்கு உள்ளவர். வலிப்பு வந்த பிள்ளை. இவர்களைத் துண்டு எடுக்கச் சொல்லக் கூடாது, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சு மாறியிருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தைக் கொடுக்கக்கூடியவர்களுக்கு முதல் நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் பயன். வீட்டில் எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அதில் மூன்று மணித்தியாலம் ஏற்கனவே போயிருக்கும். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டு, அந்த நேரத்தைக் கடதாசியில் எழுதி உள்ளே கொடுத்துவிடுங்கள்.

எங்கள் மாவட்டத்துக்கென்று இரண்டு விடயம் இருக்கின்றன. ஒன்று பாம்பு. வயல் வாடியில் பாயில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார். கடித்த இடத்தில் வீக்கம் இராது, சில வேளை கடித்ததே அவருக்குத் தெரியாது. கண்ணிமை தொங்கி, நித்திரைக் கண்ணோடு நிற்பார். கட்டு விரியன் அப்படித்தான் கடிக்கும். 'வயிற்று வலிதானே, வரிசையில் நில்லுங்கள்' என்று சொன்னால் நின்ற இடத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். எங்கே படுத்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பாம்பைப் பிடித்துப் போத்தலில் அடைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அலறாமல் காவலாளியைக் கூப்பிடுங்கள். நான் அலறினேன்.

மற்றது டெங்கு. மாரி மழை கொட்டி ஓய்ந்து தை பிறக்கிற காலத்தில் எங்கள் பக்கம் கூடும். 'மூன்று நாள் காய்ச்சல், இன்று விட்டுவிட்டது, ஆனால் பிள்ளை சோர்ந்து கிடக்கிறான்' என்று தாய் சொன்னால், 'காய்ச்சல் விட்டுவிட்டதுதானே' என்று ஆறுதல் சொல்லாதீர்கள். டெங்கில் காய்ச்சல் இறங்குகிற நேரமே ஆபத்தான நேரம். வயிற்று வலி, வாந்தி, கை கால் குளிர்வது சேர்ந்திருந்தால் தூக்கிக்கொண்டு உள்ளே போங்கள்.

தொலைபேசியில் இப்படி யாராவது சொன்னால் 1990ஐ அழைக்கச் சொல்லுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம்.

தெரிந்தவர்கள் வந்து, 'இன்னார் எந்த வாட்டில்? என்ன வருத்தம்?' என்று கேட்டால் சொல்லலாமா?

இந்த வேலையிலேயே கடினமான பகுதி இதுதான். கொழும்பில் வாசலில் நிற்கிறவளுக்கு வருகிறவர்களைத் தெரியாது. இங்கே காலையில் துண்டு எடுத்தவர் மாலையில் கோயில் திருவிழாவில் உங்கள் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பார். பெரியம்மா கேட்பா. கேட்காமல் விடமாட்டா.

நோயாளியைப் பார்க்க வருகிறவருக்கு, நோயாளி வேண்டாம் என்று சொல்லியிராவிட்டால், வாட் எது என்பதைச் சொல்லலாம். என்ன வருத்தம் என்பதை யாருக்கும் சொல்லக் கூடாது. 'எனக்குத் தெரியாது' என்று பொய் சொல்வதைவிட, 'அதை அவரிடமே கேளுங்கள்' என்பது நல்லது. ஒரு கிழமை கோபிப்பார்கள். பிறகு, இவளை வாய் திறக்க வைக்க முடியாது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர்களே தங்களுடைய வருத்தத்துக்கு உங்களை நம்பி வருவார்கள்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். அரச ஆஸ்பத்திரியில் தொண்டராக இருந்த முதல் மாதம். இருபது வயதிருக்கும், ஒரு பெண் பிள்ளை முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள். நான் உதவுகிற உற்சாகத்தில் தூரத்திலிருந்தே 'தங்கச்சி, எந்தக் கிளினிக்?' என்று கேட்டேன். கதிரைகளில் இருந்த முப்பது பேரும் திரும்பினார்கள். அவள் கையிலிருந்த கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டாள். பின்னால் ஓடினேன், ஓட்டோ புறப்பட்டுவிட்டது. அந்தக் கடிதம் எந்தப் பிரிவுக்கு எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியாது. மனநலப் பிரிவாக இருக்கலாம், பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவாக இருக்கலாம், காசநோய்க்குச் சளி பரிசோதிக்கிற இடமாகவும் இருக்கலாம். அடுத்த கிளினிக் நாட்களில் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

அன்றிலிருந்து பக்கத்தில் போகாமல் கேட்பதில்லை. 'கடிதம் இருக்கிறதா? காட்டுங்கள்' என்று கையை நீட்டுவேன். வாசித்துவிட்டுப் பிரிவின் பெயரைச் சொல்லாமல் 'என்னோடு வாங்க' என்று நடந்துவிடுவேன்.

பார்வையாளர் நேரத்தில் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்க முடியாது. நடுமதியம் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம் என்று பல இடங்களில் விடுவார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வான் நிறைய ஆள் வரும். சோற்றுப் பாசல், இளநீர், சின்னப் பிள்ளைகள். 'இரண்டிரண்டு பேராகப் போங்க, நேரம் எல்லோருக்கும் காணும்' என்று சொல்லி, குடும்பத்தில் மூத்த பெண்மணி யார் என்று பார்த்து ஒழுங்குபடுத்துகிற பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்களைவிடச் சத்தமாகச் செய்வார்.

சிங்களம் தெரியாவிட்டால்?

அம்பாறை நகரத்தில் சிங்களம் தெரியாமல் வாசலில் நிற்க முடியாது. மட்டக்களப்பில் ஓரளவு நிற்கலாம், ஆனாலும் பயிற்சி வைத்தியர்கள், தாதியர், பொலிஸ்காரர் என்று சிங்களம் மட்டும் பேசுகிற பலர் உள்ளே இருக்கிறார்கள். 'எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, கூட யார் வந்தது, இங்கே இருங்கள், பயப்படாதீர்கள்' ஆகிய ஐந்தையும் முதலில் பாடமாக்குங்கள். இலக்கணம் பிறகு வரட்டும். மொழிபெயர்த்துவிடச் சொல்லி உள்ளே கூப்பிட்டால், நோயாளி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். 'கொஞ்சம் குடிப்பேன்' என்று அவர் சொன்னதை 'குடிப்பதில்லை' என்று மாற்றி மரியாதையைக் காப்பாற்றப் போனால் மருந்து மாறும்.

மரணம் நடந்த வீட்டார் வந்து நின்றால் என்ன பேசுவது?

குறைவாகப் பேசுங்கள். கதிரை, தண்ணீர், விசிறி. அவர்கள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் 'உடலை எப்போது தருவார்கள்?' என்பதுதான். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜனாஸாவை உடனே அடக்க வேண்டும் என்ற அவசரமும் இருக்கிறது. விபத்து, திடீர் மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வர வேண்டும், தேவைப்பட்டால் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை நடக்க வேண்டும். நேரம் சொல்வது உங்கள் கையில் இல்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லி, அவரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.

பெரும் அனர்த்தம் ஒன்று நடந்தால் இதே விடயம் நூறு மடங்காகும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது காயப்பட்டவர்களை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்புக்கு வந்த சின்னப் பிள்ளைகள். அப்படியொரு நாளில் வாசலில் நிற்கிறவளுக்கு ஒரே கடமை: பெயர்ப் பட்டியல் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், அது ஓர் இடத்தில் ஒருவர் கையில் இருக்க வேண்டும், அதில் இல்லாத எதையும் நீங்கள் வாய் திறந்து சொல்லக் கூடாது. 'கண்ட மாதிரி இருந்தது' என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு தாய் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நாள் முழுதும் வாட்டு வாட்டாக அலைவாள்.

காசு கொடுத்தால் வாங்கலாமா?

வாங்கக் கூடாது. நூறு ரூபாய் வாங்கினால் அடுத்த நாள் வரிசையில் இருக்கிற எல்லோரும் நூறு ரூபாயோடு நிற்பார்கள், இல்லாதவர் பின்னால் போவார். பொருளாகக் கொடுத்தால் சிக்கல் கூட. ஒரு பெரியவர் மகளுக்குச் சுகமானது என்று முட்டியில் எருமைத் தயிர் கொண்டுவந்தார். திருப்பிக் கொடுத்தால் கண் கலங்கிவிடுவார் போலிருந்தது. மேலதிகாரியைக் கூப்பிட்டு அவருக்கு முன்னாலேயே மேசையில் வைத்து, அன்றைக்கு வேலையில் நின்ற பதினொரு பேரும் சாப்பிட்டோம்.

ஆண்கள் செய்யலாமா?

செய்யலாம். நோயாளியைத் தூக்க வேண்டிய நேரத்தில் ஏன் இன்னும் இரண்டு ஆண்களை எடுக்கவில்லை என்று நினைத்திருக்கிறேன்.

சம்பளம், உடுப்பு, உடம்பு?

சம்பளம் இடத்துக்கு இடம் மாறும், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நியமனக் கடிதம் இல்லாமல் ஒரு நாளும் நிற்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிப்பார்கள், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம். 'பயிற்சிக் காலத்தில் அது இல்லை' என்று சொல்கிற இடங்களை நம்பாதீர்கள்.

சேலை கட்டச் சொன்னால் கட்டுங்கள், ஆனால் சப்பாத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். எட்டு மணித்தியாலம் நிற்கிற காலுக்கு அழகுச் செருப்பு ஆகாது. எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு புடைத்த பிறகுதான் புத்தி வந்தது. இருமுகிறவர் பக்கத்தில் போகும்போது முகக்கவசம் போடுங்கள், கையை அடிக்கடி கழுவுங்கள், வீட்டுக்குப் போனதும் பிள்ளையைத் தூக்குவதற்கு முன் உடுப்பு மாற்றுங்கள்.

முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?

தண்ணீர்ப் போத்தல், சின்னக் கொப்பி, பாதி கிழித்த பழைய கடதாசிகள், மூன்று பேனா. ஒன்றை யாராவது படிவம் நிரப்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார். இன்னொன்றை அவருடைய மகன் கொண்டுபோவான்.